ஒரு பேரு விட்டுப்போச்சு

ஜூலை 13, ஞாயிறு

இந்த டைரி ஜனவரியில் வந்தது. ஆறு மாசம் அதன்மேல் என் மருந்து டப்பா உட்கார்ந்திருந்தது. இன்றைக்குச் செண்பகம் தூசி தட்டிக் கொடுத்து, "அத்தை, இனிமே கூட்டத்துல யாரு என்ன பேசினாலும் இதுல எழுதி வச்சிருங்க" என்றாள்.

செண்பகம் என் மருமகள். இந்த வருஷம் எங்கள் ஊர் நல்லெண்ண சேவைச் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. மாசத்தில் ரெண்டாவது ஞாயிறு சாயந்திரம் நூலகத்து மாடியில் கூட்டம். வாழ்க்கையில் சாதித்த ஆள் யாரையாவது கூட்டிவந்து பேசவைப்பார்கள். செயலாளர் பிச்சுமணி, நான் பிறந்த ஊர்க்காரன், போஸ்ட்மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆனவன். விருந்தாளி மைக்கைப் பிடித்ததும் இவனுக்குக் கண் சொருகிவிடும். ஆனால் சங்க மடல் எழுதுவது அவன்தான். மறுநாள் காலையில் வந்து, "அக்கா, நேத்து அவரு என்ன பேசினாரு?" என்பான். நான் பின்னால் நின்று டீயும் சுண்டலும் கவனித்துக்கொண்டே ஒரு சொல் விடாமல் கேட்டிருப்பேன். அப்படியே ஒப்பிப்பேன். மடலுக்கு எழுதுகிற மாதிரி எழுதத்தான் எனக்குக் கை வராது. அஞ்சாம் வகுப்பை முடிக்கவில்லை. ஏன் முடிக்கவில்லை என்பது இங்கே எதற்கு.

இன்றைக்கு வந்தவர் கலெக்டர் ஆபீஸில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். தெருவிளக்கில் படித்து முன்னுக்கு வந்தாராம். ஏப்ரலில் வந்தவரும் தெருவிளக்கு. போன நவம்பரில் வந்த டாக்டரும் தெருவிளக்கு. அவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. இவருக்கு ஊர் நொச்சிப்பட்டி. என் சித்தியை அங்கேதான் கட்டிக்கொடுத்தது. இவர் படித்த காலத்தில் அந்த ஊரில் கம்பமே நடவில்லை.

கைதட்டினார்கள். பொன்னாடை போட்டு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். யார் வந்தாலும் சுவர்க்கடிகாரம்தான்.

ஜூலை 14

பிச்சுமணி வந்தான். ஒப்பித்தேன். தெருவிளக்கை மட்டும் விட்டுவிட்டேன்.

"ஏதோ விளக்குன்னு சொன்னாரே அக்கா?"

"ஏன், நீ தூங்கலையா?"

எழுதிக்கொண்டான். மடலில் முதல் வரி எப்போதும் 'வருகை' என்றுதான் ஆரம்பிக்கும். நேற்று வருகை நாற்பத்தேழு. பேசினது மறந்தாலும் தலையை எண்ண மறக்கமாட்டான்.

ஜூலை 27, ஞாயிறு

கமிட்டிக் கூட்டம் எங்கள் வீட்டில். செப்டம்பரில் ஆசிரியர் தினம் வருவதால் அந்த மாசம் ஒரு பழைய டீச்சரைக் கூப்பிட வேண்டும் என்று பேச்சு. பிச்சுமணி, "ஞானப்பூ டீச்சரைக் கூப்பிடலாம். எண்பத்து நாலு வயசு. மக வீட்டுல, இங்க பக்கத்துலதான் இருக்காங்க. எனக்கு மூணாங்கிளாசுல அவங்கதான். அவங்க பேர் கூப்பிடுற அழகுக்கே பள்ளிக்கூடம் போகலாம்" என்றான். எல்லாருக்கும் ஏகப்பட்ட சந்தோஷம்.

பயறு தாளித்துக்கொண்டிருந்தேன். உப்பு ரெண்டு தரம் போட்டுவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லாமல் தின்றார்கள்.

ஆகஸ்ட் 3

செண்பகம் கேட்டாள்: "அத்தை, டீச்சர் முதமுதல்ல நீங்க பிறந்த ஊர்லதான் வேலை பார்த்தாங்களாம். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

தெரியாமல் என்ன. அறுபது வருஷத்துக்கு மேலாச்சு, இப்போதும் என்னால் அந்த வகுப்பு ரிஜிஸ்தரை அப்படியே சொல்ல முடியும். அஞ்சாம் வகுப்பில் முப்பத்தொரு பேர். பையன்கள் இருபத்திரண்டு. அருணாசலம், ஆறுமுகம், சுடலைமுத்து என்று போகும். அப்புறம் பெண்பிள்ளைகள் ஒன்பது. அன்னத்தாய், ஆவுடையம்மாள், இசக்கியம்மாள், உலகம்மாள்.

ஆவுடையம்மாள் நான்தான்.

டீச்சர் அப்போது இருபத்திரண்டு வயசுப் பெண்; மூணாம் வகுப்பையும் அஞ்சாம் வகுப்பையும் சேர்த்துப் பார்த்தாள். நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலை. ஒரு நாள் காலையில் பேர் கூப்பிட்டாள். அன்னத்தாய் என்றாள். உள்ளேன் டீச்சர். நான் எழுந்திருக்கத் தயாராகப் பாவாடையைப் பிடித்துக்கொண்டேன். இசக்கியம்மாள் என்றாள்.

என் பேரைத் தாண்டிப் போய்விட்டாள். மறந்திருப்பாள் என்று நினைத்தேன். மறுநாளும் அதே மாதிரி. ஒன்பது நாள். நான் முன்வரிசையில் அவள் காலடியில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஒன்பது நாளும் பெரிய வாத்தியார் பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு வராண்டாவிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் இந்த அவமானம் வேறு. அடித்திருக்கலாம். முட்டி போடச் சொல்லியிருக்கலாம். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பத்தாம் நாள் நான் ஆடு மேய்க்கப் போனேன். பேரே கூப்பிடாத இடத்துக்கு எதற்குப் போக வேண்டும்?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்றைக்கு வந்தது ஆம்புலன்ஸ் ஓட்டும் பெண்பிள்ளை. பேர் மாசிலா. முப்பது வயசு இருக்கும். மைக்கைப் பார்த்ததும் பயந்துவிட்டது. மொத்தம் நாலு நிமிஷம்தான் பேசியது.

"எனக்குப் பேச வராது. நீங்க போன் பண்ணும்போது அடையாளத்தைச் சரியாச் சொல்லுங்க. வேப்பமரத்துப் பக்கம்னு சொன்னா இந்தத் தாலுக்காவுல எத்தனை வேப்பமரம்? அப்புறம், வண்டியில ஏத்தினதும் நாங்க முதல்ல பேரைத்தான் கேட்போம். பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே போவோம். மயங்கிக் கிடந்தாலும் பேரைக் கேட்டா இமை அசையும். அவ்வளவுதாங்க."

இவ்வளவு நாளில் வந்தவர்கள் பேசியதில் இது ஒன்றுதான் பேச்சு. தெருவிளக்கு இல்லை. சுண்டல் ரெண்டு தட்டு வைத்துக் கொடுத்தேன்.

பிச்சுமணி தூங்கவில்லை. தூங்க நேரம் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 17

மோர்மிளகாய் காயப்போட்டேன். மேகம் போட்டதால் நாலு தரம் மாடிக்கும் கீழேயுமாக அலைந்தேன். மூட்டு வலி.

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் பால்பவுடர் கரைத்துக் கொடுப்பார்கள். பெரிய பெரிய டின்னில் வரும். அதில் ஒரு டின் காணாமல் போனது. எப்படிப் போனது என்று எனக்கு எதற்கு.

அந்தப் பவுடர் லேசில் கரையாது. வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, கட்டி விழுந்ததை விரலால் நசுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். துணியில் வடிகட்டிச் சங்கில் ஊற்றினால் கைக்குழந்தை குடிக்கும். என் தங்கச்சி ராமுத்தாய்க்கு அப்போது அஞ்சு மாசம். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றிப்போயிருந்தது. இப்போது ராமுத்தாய் தூத்துக்குடியில் இருக்கிறாள். நாலு பேரப்பிள்ளைகள். நல்லா குண்டாக இருக்கிறாள்.

டின் காணோம் என்று சத்தம் கிளம்பிய அன்றைக்குச் சாயந்திரம் டீச்சர் என்னைக் கிணற்றடியில் பார்த்தாள். என் பாவாடையைப் பார்த்தாள். குனிந்து, கையால் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டாள். ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். என்னைத் தொட்டதே அருவருப்பு மாதிரிக் கையைத் துடைத்துக்கொண்டே போனாள். மறுநாளிலிருந்துதான் பேரை விட்டது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வரவேற்புரையில் டீச்சரைப் பற்றிச் சொல்ல விவரம் வேண்டும் என்று பிச்சுமணி எங்கள் வீட்டிலிருந்தே டீச்சர் மகள் ரூத்துக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் போட்டதால் அடுப்படிவரை கேட்டது.

"அம்மாவை உங்க ஊர்ல ஆறு மாசம்கூட வைக்கலையே சார். மலையடிவாரத்துல பஸ்ஸே போகாத ஒரு ஊருக்குத் தூக்கிப் போட்டுட்டாங்க. பள்ளிக்கூடத்துல ஏதோ பால்பவுடர் டின் காணோமாம். எடுத்தது யாருன்னு அம்மாவுக்குத் தெரியும்னு பெரிய வாத்தியாருக்குச் சந்தேகம். சொல்லு, சொல்லுன்னு நெருக்கியிருக்காரு. அம்மா சொல்லலை. அதுக்குத் தண்டனை மாத்தல். பதினொரு வருஷம் அங்கயே கெடந்தாங்க."

"அப்படியா? எங்களுக்குக் கல்யாணத்துக்காக மாத்தல் வாங்கிட்டுப் போனாங்கன்னுதானே சொன்னாங்க" என்றான் பிச்சுமணி.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சரி. மாத்திவிட்டார்கள். அதற்கு நான் என்ன செய்ய? என் பேரைக் கூப்பிட்டிருக்கலாமே. அதற்கு யார் பதில் சொல்வது?

பால் பொங்கி வழிந்துவிட்டது. அடுப்பைத் தேய்த்துக் கழுவினேன்.

ஆகஸ்ட் 25

நேற்று எழுத விட்டுப்போனது ஒன்று. நான் ஆட்டுக்குப் போக ஆரம்பித்தபிறகு ஒரு நாள் சாயந்திரம் டீச்சர் ஆட்டுக்கிடைப் பக்கம் வந்து நின்றாள். கையில் பையும் குடையும் இருந்தது. கூப்பிட்டாளா என்றால், என் காதில் விழவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள்.

செப்டம்பர் 5

டிவியில் ஆசிரியர்களுக்கு விருது கொடுத்தார்கள். நிறுத்திவிட்டு வெண்டைக்காய் நறுக்கினேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பிச்சுமணி பேனாவும் பேப்பருமாக வந்து உட்கார்ந்தான். எந்த விருந்தாளிக்கும் வரவேற்புரையை நான்தான் சொல்லுவேன், அவன் எழுதி மேடையில் வாசிப்பான். சங்கத்தில் யாருக்கும் இது தெரியாது. செண்பகத்துக்கு மட்டும் தெரியும்.

பிறந்த ஊர், படித்தது, எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை வருஷம், எல்லாம் சொன்னேன். கடைசியில், "இன்னொரு வரி இருக்கு. எழுதிக்க" என்றேன்.

"சொல்லுங்க அக்கா."

"தன் வகுப்பில் இருந்த ஒரு பிள்ளையின் பேரை ஒன்பது நாள் கூப்பிடாமல் விட்டவர்."

எழுதிவிட்டுப் பேனாவை வைத்தான். "அக்கா, இது பாராட்டா திட்டா?"

"நடந்தது."

"யாரு அந்தப் பிள்ளை?"

"நீ வாசி. தெரிய வேண்டியவளுக்குத் தெரியும்."

அவன் என்னையே பார்த்தான். போஸ்ட் ஆபீஸில் முகவரி இல்லாத கவரைப் பார்க்கிற மாதிரி.

"தலைவியம்மா கோவிச்சுக்கிடுவாங்களே அக்கா."

"செண்பகம் கோவிச்சா நான் பார்த்துக்கிடுதேன். எழுதினது எழுதினபடி வாசிக்கணும். இல்லைன்னா இனிமே என் வாசப்படி மிதிக்காதே."

பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். டீயைக் குடிக்கவில்லை.

அறுபது வருஷம் கழித்தாவது, அவள் என்னை நேருக்கு நேர் பார்த்து ஏன் என்று சொல்லட்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

செப்டம்பர் 13, சனி

ரூத் வீட்டுக்கு வந்தாள். ஐம்பது வயசு தாண்டியவள், வந்ததும் செண்பகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

"முன்னாலயே சொல்லியிருக்கணும். சொன்னா வேண்டாம்னுருவீங்களோன்னு பயம். அம்மாவுக்கு ரெண்டு வருஷமா ஞாபகம் நிக்கிறதில்லை. காலையில சாப்பிட்டதே தெரியாது. என்னையே சில நேரம் அவங்க அக்கான்னு நினைச்சுக்குவாங்க. நாலு வரி எழுதிக் கொடுத்திருக்கேன். தினமும் வாசிக்கப் பழக்குறேன். ஒரு மேடையில உக்கார வச்சுப் பார்க்கணும்னு எனக்குத்தான் ஆசை."

செண்பகத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. பேனர் கட்டியாகிவிட்டது. சங்கத்தின் மாவட்டத் தலைவர் வருகிறார். ஆனாலும் ரூத்தைத் தட்டிக்கொடுத்து, "கூட்டிட்டு வாங்கக்கா. பார்த்துக்கலாம்" என்றாள். என் மருமகளிடம் எனக்குப் பிடிக்காதது நிறைய உண்டு. இது பிடித்தது.

மறந்துவிட்டதாம். நான் ஒரு நாளைக்கூட மறக்காமல் வைத்திருக்கிறேன், அவளுக்கு மறந்துவிட்டதாம். இனி நான் யாரிடம் போய்க் கேட்பது?

பிச்சுமணிக்குப் போன் போட்டு அந்த வரியை எடுக்கச் சொல்லலாமா என்று நினைத்தேன். போடவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அஞ்சு மணிக்கு ஹால் நிறைந்துவிட்டது. டீச்சரை ரூத் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். குருவி மாதிரி ஆகிவிட்டிருந்தார். அதே வெள்ளைச் சேலை, நீலக்கரை. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் போட்டிருந்தார். என்னைத் தாண்டித்தான் மேடைக்குப் போனார். என்னைப் பார்த்துச் சிரித்தார். எல்லாரையும் பார்த்து அதே சிரிப்புத்தான் சிரித்தார்.

செண்பகம் மணி அடித்துக் கூட்டத்தை ஆரம்பித்தாள். பிச்சுமணி வரவேற்புரை வாசித்தான். நான் டீ ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். கடைசி வரி வந்தது. இருமினான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "இத்தகைய பெருமைக்குரிய டீச்சரை வருக வருக என வரவேற்கிறோம்" என்று முடித்துவிட்டு இறங்கிவிட்டான்.

அவனும் என்னைத் தாண்டிப் போய்விட்டான்.

டீச்சர் மைக் முன்னால் நின்றார். கையில் ரூத் எழுதிக் கொடுத்த பேப்பர். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஹாலைப் பார்த்தார். ஒரு நிமிஷம் ஆயிற்று. ரெண்டு நிமிஷம். முன்வரிசையில் மாவட்டத் தலைவர் வாட்சைப் பார்த்தார். ரூத் எழுந்திருக்கப் போனாள். அப்போது டீச்சர் மேஜையை விரல்முட்டியால் ரெண்டு தட்டுத் தட்டினார்.

"சத்தம் போடாம உக்காருங்க. பேர் கூப்பிடப் போறேன். அருணாசலம்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. நான் சுண்டல் கரண்டியோடு ஒரு எட்டு முன்னால் வந்தேன்.

"அருணாசலம்?"

கொஞ்சம் கோபமாகக் கேட்டார். செண்பகம் மேடையில் நின்று என்னைத்தான் பார்த்தாள். அந்த ஹாலில் அவள் வேறு யாரைப் பார்ப்பாள்.

"வரலை டீச்சர்" என்றேன் பின்னாலிருந்து.

"ஏன் வரலை?"

"காய்ச்சல் டீச்சர்."

அருணாசலம் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. டீச்சர் பேப்பரில் விரலால் ஒரு கோடு போட்டார்.

"ஆறுமுகம்."

"வரலை டீச்சர். பம்பாய் போயிட்டான்."

"பரீட்சை நேரத்துல பம்பாய்க்கு எதுக்கு? சுடலைமுத்து."

"வரலை டீச்சர். மாடு பத்தப் போயிருக்கான்."

"அவங்க அப்பாவை நாளைக்கு வரச் சொல்லு."

ஹாலில் சிரிப்பு வந்தது. கேலிச் சிரிப்பு இல்லை. இருபத்திரண்டு பையன்களையும் கூப்பிட்டார். ஒரு பேர் மாறவில்லை. நானும் ஒருத்தனை விடாமல் பதில் சொன்னேன். பெண்பிள்ளைகள் முறை வந்தது.

"அன்னத்தாய்."

"வரலை டீச்சர். கல்யாணமாயிருச்சு."

"அதுக்குள்ளயா?" என்று தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம், "இசக்கியம்மாள்" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை.

"இசக்கியம்மாள்?"

"ஒரு பேரு விட்டுப்போச்சு டீச்சர்."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, இத்தனை தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். மைக்கை மறந்துவிட்டு, ரகசியம் பேசுகிற குரலில் கேட்டார். ஹால் முழுக்கக் கேட்டது.

"பெரிய வாத்தியாரு வராண்டாவுல நிக்காரா?"

வராண்டா. பிரம்பு. ஒன்பது நாளும் அவர் அங்கேதான் நின்றார். நான்தானே இதே டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். டின்னை எடுத்தது யார் என்று, எழுந்து 'உள்ளேன்' சொல்கிற பிள்ளைகளின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார். எழுந்திருக்காத பிள்ளையை அவர் பார்க்கவில்லை.

"சொல்லு பிள்ளே. நிக்காரா?"

"இல்லை டீச்சர். போயிட்டாரு."

"நல்லாப் பார்த்தியா?"

திரும்பி வாசலைப் பார்த்தேன். நூலகத்து மாடிப்படிதான் இருந்தது. யாரும் இல்லை.

"போயிட்டாரு டீச்சர்."

டீச்சர் மூச்சுவிட்டார். நிமிர்ந்து நின்று, வகுப்பறைக் குரலில் கூப்பிட்டார்.

"ஆவுடையம்மாள்."

கரண்டியைக் கீழே வைத்தேன்.

"உள்ளேன் டீச்சர்."

"பாவாடையில ஒட்டியிருக்கு பாரு. தட்டிவிட்டுட்டு உக்காரு."

சேலையில் சுண்டலுக்குத் தூவிய தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. தட்டிவிட்டேன். உட்கார்ந்தேன். அப்புறம் இசக்கியம்மாள், உலகம்மாள் என்று கடைசிவரை போனார். நான் பதில் சொன்னேனா இல்லையா என்று தெரியவில்லை. மிச்சப் பேருக்குப் பிச்சுமணிதான் பதில் சொன்னான் என்று செண்பகம் சொன்னாள்.

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பொன்னாடை போட்டார்கள். கடிகாரம் கொடுத்தார்கள். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பெல் அடிக்க நேரமாச்சு" என்றார்.

சுண்டல் பாதி மீந்துவிட்டது. யாரும் சாப்பிடப் பின்னால் வரவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

ரூத் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். டீச்சருக்கு நான் யார் என்று தெரியவில்லை. "நீங்க யாரு வீட்டு அம்மா?" என்று மரியாதையாகக் கேட்டார். பால் காய்ச்சி ஆற்றிக் கொண்டுபோயிருந்தேன். முழுசும் குடித்தார். வாயைத் துடைத்துவிட்டேன்.

பத்து மணிக்குப் பிச்சுமணி வந்தான். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றுகொண்டு, "அக்கா, அந்த வரியை வாசிக்க எனக்கு மனசு வரலை" என்றான்.

"உள்ள வா. டீ ஆறிரும்."

வந்து உட்கார்ந்து நோட்டைத் திறந்தான். "மடலுக்கு டீச்சர் பேசினதை என்னன்னு எழுத?"

"பேர் கூப்பிட்டாங்கன்னு எழுது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

எழுதினான். பேனாவைத் தூக்கிக்கொண்டு யோசித்தான். "வருகை போடணுமே அக்கா. நேத்துக் கூட்டத்துல நான் தலையை எண்ண மறந்துட்டேன். எத்தனைன்னு போட?"

"முப்பத்தொரு பேருல ஒருத்தி வந்திருந்தா. அதைப் போடு."